தப்பு என்றால் தப்பு என்று சொல், பூஜ்யத்தை நீட்டாதே!

நேற்று இரவு 11 மணி வரை ஒரு பூஜ்யத்தோடு மல்லுக்கட்டினேன். கண்ணெதிரே வரிசை வரிசையாகத் தொகைகள் இருக்கின்றன. பிரிவின் பெயரும் நான் கேட்ட அதே பெயர்தான். கூட்டிச் சொல் என்று எக்செலின் சம்இஃப் (SUMIF, நாம் தரும் நிபந்தனைக்குப் பொருந்துபவற்றை மட்டும் கூட்டுவது) ஃபார்முலாவைக் கேட்டால், பூஜ்யம் என்கிறது. பிழைச் செய்தியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. தன்னால் கூட்ட முடியவில்லை என்றால் அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? பூஜ்யம் என்பது ஒரு விடை. செலவே ஆகவில்லை என்று பொருள் தருகிற விடை. அதை நம்பி ஒருவர் அறிக்கை எழுதி அனுப்பிவிடுவார்!

காரணம் என்ன தெரியுமா? அந்தத் தொகைகள் எண்களே இல்லை, எண்ணைப் போலத் தோன்றும் எழுத்துகள். வேறொரு மென்பொருளிலிருந்து கோப்பை இறக்கித் தந்தவர்கள் அப்படித் தந்திருக்கிறார்கள். எண் என்றால் செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து என்றால் இடப்பக்கம். அந்த ஒரு தடயமாவது மிஞ்சியிருக்க வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று யாரோ நெடுவரிசை முழுவதையும் நடுவில் நிறுத்தி அதையும் அழித்துவிட்டார்கள். செல்லின் வடிவத்தை 'எண்' என்று மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை, ஆகவும் ஆகாது. வடிவம் மாறினாலும் உள்ளே இருப்பது எழுத்தாகவே இருக்கும். வெற்றுச் செல்லில் 1 என்று எழுதி, அதை நகலெடுத்து, அந்தத் தொகைகளின் மேல் சிறப்பு ஒட்டலில் (Paste Special) 'பெருக்கு' என்று கொடுத்த பிறகுதான் அவை எண்களாயின.

இதில் என்னை மிகவும் எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. அதே செல்களில் இரண்டை எடுத்து நடுவில் கூட்டல் குறி போட்டால் சரியான தொகை வருகிறது! அந்த எழுத்தை எண்ணாகப் படிக்கக் கூட்டல் குறிக்குத் தெரிகிறது, சம்இஃப்புக்குத் தெரியவில்லை. சரி, இது கறாரான பேர்வழி என்று விட்டுவிடலாமா? நிபந்தனைப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே 101 என்ற எண்ணும் 101 என்ற எழுத்தும் அதற்கு ஒன்றுதான். கணக்கு எண் 16 இலக்கம் என்றால் இன்னும் மோசம். எழுத்தாகவே சேமித்து வைத்திருந்தாலும் அதை எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடுகிறது. எண்ணில் 15 இலக்கம்தான் நிற்கும். ஆகவே கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு கணக்குகள் ஒரே கணக்காகிவிடுகின்றன. ஒருவருடைய பணம் இன்னொருவர் தொகையில் சேர்கிறது, அதுவும் சத்தமே இல்லாமல். அங்கெல்லாம் சம்ப்ராடக்ட் (SUMPRODUCT) என்ற வேறொரு ஃபார்முலாவைப் போட்டு நேராகச் சமக்குறியால் ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை.

தொகைகளைச் சரிசெய்த பிறகும் கூட்டல் குறைவாகவே வந்தது. இப்போது பெயர்களில் கோளாறு. சில பெயர்களின் வாலில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாது. லென் ஃபார்முலாவால் எழுத்துகளை எண்ணிப் பார்த்தால்தான் ஒன்று 9, இன்னொன்று 10 என்று அகப்படும். தேவையற்ற இடைவெளியை நீக்கும் ட்ரிம் ஃபார்முலாவைப் போட்டேன், போகவில்லை! ஏனென்றால் அது சாதாரண இடைவெளி அல்ல. இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுக்கும்போது கூடவே வரும் 160 என்ற குறியெண் கொண்ட இடைவெளி. ட்ரிம் நீக்குவது 32 என்ற குறியெண் கொண்டதை மட்டும். ஓர் எழுத்துக்குப் பதில் இன்னொன்றை இடும் சப்ஸ்டிட்யூட் ஃபார்முலாவால் 160-ஐ முதலில் களைந்துவிட்டு, அதன் பிறகு ட்ரிம் போட வேண்டும். இதை யார் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வருகிறார்கள்? "ஃபார்முலா போடத் தெரியவில்லையா?" என்று கேட்பவர்கள் ஒருமுறையாவது இந்த இடைவெளியைத் தேடிப் பார்த்திருக்க வேண்டும்.

தேதிக்கும் இதே கதைதான். மார்ச் 31 வரை என்று நிபந்தனை கொடுக்கிறேன், 31-ஆம் தேதி மாலையில் பதிவான வரவுகள் விடுபடுகின்றன. எக்செல் தேதியை நாள்களின் எண்ணிக்கையாகவும் நேரத்தை அதன் பின்னமாகவும் வைத்திருக்கும். 2024 மார்ச் 31 என்பது உள்ளே 45382 என்ற எண். மாலை 6 மணி என்றால் அது 45382.75. அது 45382-ஐ விடப் பெரிது, ஆகவே வெளியே தள்ளிவிடுகிறது. ஏப்ரல் 1-க்குக் குறைவானவை என்று கேட்டால்தான் முழு நாளும் சேரும்.

2007-ஆம் ஆண்டு எக்செலில் சம்இஃப்ஸ் வந்தது. பல நிபந்தனைகள் கொடுக்கலாம், நல்லதுதான். ஆனால் வரிசையை ஏன் புரட்டிப் போட்டார்கள்? சம்இஃப்பில் கூட்ட வேண்டிய பகுதி கடைசியில் வரும், சம்இஃப்ஸில் முதலில். பழக்கத்தில் கை மாறிப் போகாத ஆள் உண்டா? இருந்தும் நான் சம்இஃப்ஸ் பக்கம்தான். நிபந்தனைப் பகுதியும் கூட்டும் பகுதியும் ஒரே அளவில் இல்லையென்றால் அது பிழை என்று முகத்துக்கு நேராகச் சொல்லும். சம்இஃப் அப்படியல்ல. நாம் கொடுத்த பகுதியின் முதல் செல்லை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தானாகவே நீட்டிச் சுருக்கி, ஏதோ ஒரு தொகையைத் தந்துவிடும்.

இப்போதெல்லாம் கோப்பைத் திறந்ததும் முதலில் கவுண்ட், கவுண்ட்ஏ இரண்டையும் போட்டுப் பார்க்கிறேன். முன்னது எண்களை மட்டும் எண்ணும், பின்னது காலியில்லாத எல்லாவற்றையும். தொகை நெடுவரிசையில் இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் எங்கோ எழுத்து புகுந்திருக்கிறது. பிறகு எல்லாப் பிரிவுகளின் கூட்டலையும் மொத்தத் தொகையோடு ஒப்பிடுகிறேன். வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு பெயர் பொருந்தாமல் வெளியே நிற்கிறது.

இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்து நேற்று சரிசெய்து வைத்தேன். இன்று காலை ஒரு பிரிவின் தொகை மட்டும் அசையவே இல்லை. புதிய வரவுகளைச் சேர்த்த பிறகும் அதே எண். செல்லைச் சொடுக்கிப் பார்த்தால் ஃபார்முலாவையே காணோம். நேற்று நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ கணிப்பானில் கூட்டி, அந்த எண்ணை அங்கே தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். "சீக்கிரம் முடியட்டும் என்றுதான்" என்றார்களாம்.