உடைப்பது யாரோ, வெயிலில் நிற்பது நாங்கள்

தெருவை மேம்படுத்துகிறோம் என்று மாதக்கணக்கில் தோண்டிப் போட்டு, வெயிலில் புழுதியையும் மழையில் சேற்றையும் எங்கள் தலையில் கட்டிய பிறகு, ஒருவழியாக அகலமான நடைபாதை, சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம், நல்ல வெளிச்சம், கூரையும் இருக்கையும் கொண்ட பேருந்து நிழற்குடை என்று எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தார்கள். பெயின்ட் வாசனை போவதற்குள் நிழற்குடையின் பக்கக் கண்ணாடியை எவனோ அடித்து நொறுக்கிவிட்டான். இருக்கையின் பலகைகளில் பாதியைக் காணவில்லை. கால அட்டவணையை மூடியிருந்த பிளாஸ்டிக் தகட்டை லைட்டரால் உருக்கியிருக்கிறார்கள். அது கருகிச் சுருண்டிருக்கும் இடம், பார்த்து வைத்தாற்போல், கடைசிப் பேருந்தின் நேரம் அச்சிடப்பட்டிருந்த இடம்.

திருடிச் சென்றிருந்தால் வயிற்றுப்பாடு என்றாவது ஒரு காரணம் சொல்லலாம். கண்ணாடியை உடைத்தவனுக்கு என்ன கிடைத்தது? கை தவறிப் பட்டுவிட்டது என்ற சமாதானமும் இங்கே செல்லாது. நிழற்குடைகளில் பொருத்தப்படும் டஃபண்டு கண்ணாடி, 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றிச் சட்டென்று குளிர வைக்கப்படுவது. சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு உறுதியானது. உடைந்தாலும் கத்திபோல் நீளமாகப் பிளக்காமல் சிறு சிறு துண்டுகளாக உதிர வேண்டும், அருகில் நிற்பவருக்குப் பெருங்காயம் ஏற்படக் கூடாது என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதைத் தூளாக்க வேண்டுமென்றால் கல்லோ இரும்போ எடுத்துக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும்.

அந்தத் துண்டுகள் இப்போது எங்கே கிடக்கின்றன தெரியுமா? பார்வையற்றவர்கள் கோலாலும் காலாலும் தடவி வழியறிவதற்காகப் பதித்த புடைப்புக் கற்களின் இடுக்குகளில். ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் 1965-இல் வடிவமைத்து, 1967-இல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலாகப் பதிக்கப்பட்டு, உலகமெங்கும் பரவிய கற்கள் அவை. எங்கள் தெருவுக்கு அவை வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று. வந்தபின் அவற்றின் மேல் நடப்பவரின் கோல் கண்ணாடித் தூளைத்தான் துழாவ வேண்டியிருக்கிறது. துடைப்பத்தால் எத்தனை முறை கூட்டினாலும் அந்த இடுக்குகளிலிருந்து முழுவதும் வருவதில்லை.

‘அரசாங்கத்துச் சொத்துதானே’ என்று அலட்சியமாகச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அரசாங்கமா வந்து பேருந்துக்குக் காத்து நிற்கிறது? மூட்டு வலியோடு உட்கார இடம் தேடும் பாட்டியும், கைக்குழந்தையோடு வெயிலில் நிற்கும் தாயும்தான் நிற்கிறார்கள். பேருந்துக்குள் இருக்கையைக் கிழிப்பவனும், சன்னல் கண்ணாடியில் கல்லால் கீறிக் காதலியின் பெயரை எழுதும் வீரனும் (அந்தப் பெண்ணுக்கு இது பெருமையாகவா இருக்கும்?) இதே வகைதான். பழுதான பேருந்து பணிமனையில் நின்றுவிட்டால் அந்த நடை ரத்தாகிறது. அடுத்த பேருந்தில் படிக்கட்டு வரை பிதுங்கிக்கொண்டு நாங்கள் போகிறோம். அடுத்த தெருவில் நிழற்குடை கட்டியிருக்கக்கூடிய பணம் இங்கே உடைந்ததை ஒட்டப் போகிறது.

உடைத்தவனைத் திட்டிவிட்டு, உடைந்ததை அப்படியே விட்டுவைத்தவர்களைத் தப்பவிட எனக்கு மனமில்லை. கிறுக்கல்களுக்குப் பேர்போன நியூயார்க் சுரங்க ரயிலில், கிறுக்கப்பட்ட பெட்டியைச் சுத்தம் செய்யாமல் ஓட்டுவதில்லை என்ற திட்டத்தை 1984-இல் தொடங்கி, 1989 மே மாதத்தில் கிறுக்கலுள்ள கடைசிப் பெட்டியையும் ஓட்டத்திலிருந்து எடுத்தார்கள். தன் கைவரிசையை ஊர் பார்க்கவே முடியாது என்றால் கிறுக்குகிறவனுக்கு அதில் என்ன சுவை இருக்கும்? எங்கள் நிழற்குடையிலோ முதல் விரிசலை யாரும் தொடவில்லை. அதைப் பார்த்தவன் இரண்டாவது கண்ணாடியையும் உடைத்தான், மூன்றாமவன் குப்பையைக் கொட்டினான். கூரை ஒரு பிரிவு, விளக்கு வேறொரு பிரிவு, நடைபாதை இன்னொரு பிரிவு என்று புகார் மட்டும் ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் அங்கே பழுது பார்க்க ஆளே வருவதில்லை என்று சொல்ல முடியாது. விளம்பர வருமானத்தில் நிழற்குடைகளைப் பராமரிக்கும் முறை 1964-இல் பிரான்சின் லியோன் நகரில் தொடங்கி உலகம் முழுவதும் பழகிப்போன ஒன்று. எங்கள் நிழற்குடையிலும் விளம்பரப் பலகை உண்டு. அதன் கண்ணாடி உடைந்தபோது உடனுக்குடன் ஆள் வந்து மாற்றிவிட்டுப் போனார். இரவில் அந்தப் பலகை பளபளவென்று எரிகிறது. அதன் கீழே கருகிய அட்டவணையையும் பல்லிளிக்கும் இருக்கையையும் அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை, ஏனென்றால் அவை அவருடைய பொறுப்பில் இல்லையாம்.

மீண்டும் மீண்டும் எழுதிக் கேட்டபின் இப்போது ஒரு பதில் வந்திருக்கிறது: தொடர்ந்து சேதப்படுத்தப்படுவதால் அந்த நிறுத்தத்திலுள்ள இருக்கைகளை முழுவதுமாக அகற்ற முடிவு செய்திருக்கிறார்களாம். உடைத்தவனுக்கு ஒரு தண்டனையும் இல்லை. உட்கார வேண்டியவர்களுக்குத்தான் தண்டனை. இதற்குப் பெயர் தெரு மேம்பாடாம்!