இரண்டாயிரம் ஆண்டுச் சான்று இருக்க, இருபதாயிரம் ஆண்டுக் கதை எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் கூட்டத்தில் தமிழ் மூத்ததா, சமஸ்கிருதம் மூத்ததா என்று நடந்த வாதத்தைக் காணொளியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை இங்கே மறுபடி விவரிக்கவில்லை. சமஸ்கிருதத்திலிருந்துதான் தமிழ் பிறந்தது என்று முதலில் பேசியவர் சொன்னபோது எனக்கு எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் அவருக்கு மறுப்புச் சொல்ல எழுந்த நம்மவர், இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் குமரிக்கண்டத்தில் வழங்கிய தமிழிலிருந்துதான் சமஸ்கிருதமே உண்டானது என்று முழங்க, அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியபோது வந்த வருத்தம் அந்த எரிச்சலை விடப் பெரியது. ‘இதற்குச் சான்று என்ன?’ என்று மட்டும்தான் கேட்டேன். அன்று இரவே எனக்கு ‘வடமொழி அடிவருடி’ என்ற பட்டம் கிடைத்துவிட்டது.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். சமஸ்கிருதம் தமிழின் தாய் இல்லை. தமிழும் சமஸ்கிருதத்தின் தாய் இல்லை. சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் உறவு உண்டு என்று வில்லியம் ஜோன்ஸ் 1786இல் சொன்னார். தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்பதைச் சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிஸ் 1816இலேயே எழுதினார். நமக்குப் பக்கத்து மாவட்டத்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் அதை இலக்கண ஒப்பீட்டால் நிறுவினார். ஆக, தமிழ் வடமொழியிலிருந்து பிறக்கவில்லை என்பதை நிறுவ நமக்குக் கண்டமும் வேண்டாம், கடலும் வேண்டாம். அந்த வழக்கு எப்போதோ நம் பக்கம் முடிந்துவிட்டது. முடிந்த வழக்கில் பொய்ச்சாட்சி சொல்லப் போய், உள்ள தீர்ப்பையும் ஏன் சந்தேகத்துக்கு ஆளாக்குகிறீர்கள் என்பதே என் கேள்வி.

‘மூத்தது எது?’ என்று கேட்பவர்கள், எதன் வயதைக் கேட்கிறோம் என்று முதலில் தெளிய வேண்டும். கல்வெட்டைக் கேட்டால் தமிழ் தலைநிமிர்ந்து நிற்கும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் தம் ஆணைகளைச் சமஸ்கிருதத்தில் அல்ல, பிராகிருதத்தில்தான் பொறித்தார்; அவற்றில் சோழரும் பாண்டியரும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறார்கள். மதுரைக்கருகே மாங்குளத்துக் குகையில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் கிறிஸ்துவுக்கு முன்பே வெட்டப்பட்டவை. சமஸ்கிருதத்தில் நீண்ட கல்வெட்டு என்று நமக்கு முதலில் கிடைப்பது கி.பி. 150ஐ ஒட்டிய, சக மன்னன் ருத்ரதாமனின் ஜூனாகத் கல்வெட்டுதான். கீழடியின் கரி மாதிரி ஒன்றுக்குக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்ற காலம் கிடைத்ததாகத் தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. இலக்கியத்தைக் கேட்டால் விடை வேறு. வாய்மொழியாகவே காக்கப்பட்ட ரிக்வேதம் நம் சங்கப் பாடல்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது என்பதே பெரும்பாலான மொழியியலாளரின் முடிவு. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அந்த ரிக்வேதத்திலேயே திராவிடச் சொற்கள் இருப்பதாக மொழியியலாளர்கள் பர்ரோவும் எமனோவும் காட்டியிருக்கிறார்களே, அதைப் பேசலாமே! அந்த மேடையில் யாரும் பேசவில்லை.

‘குமரி மாவட்டத்துக்காரனே கடல்கோளை மறுக்கலாமா, அண்ணாச்சி?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கடல் ஊருக்குள் வரும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் பிணங்களைத் தேடி அலைந்தவர்கள் நடுவே நின்றவன் நான். மணக்குடிப் பாலம் பெயர்ந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன். பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டது என்ற நம் இலக்கியச் செய்திக்குப் பின்னால் அப்படிப்பட்ட உண்மையான ஓர் இழப்பின் நினைவு இருக்கலாம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் கரையைக் கடல் கொள்வது வேறு, கண்டமே மூழ்குவது வேறு. குமரிக்கண்டத்தோடு நம்மவர்கள் ஒன்றாக்கிப் பேசும் லெமூரியா என்ற பெயர் 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் லெமூர்களின் பரவலை விளக்க வைத்தது. நிலத்தட்டுகளின் நகர்வு தெரிந்த பிறகு அறிவியல் அதைக் கைவிட்டுவிட்டது. அவர்களே விட்டெறிந்த ஒன்றை எடுத்து நம் தாய்மொழிக்கு அணிகலனாகப் பூட்டுவது எனக்கு அவமானமாக இருக்கிறது.

‘அவர்கள் பொய் சொல்லும்போது நாம் மட்டும் ஏன் அடக்கி வாசிக்க வேண்டும்?’ என்று கேட்பவர்களின் ஆத்திரம் எனக்குப் புரியாமல் இல்லை. என் பாட்டா விளவங்கோட்டில் மலையாளப் பள்ளியில் படித்தவர். தன் மொழியில் மனு எழுத முடியாத ஆற்றாமையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவர். திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கேட்ட போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் உடைந்துவிடும். அத்தனை உணர்ச்சி இருந்தும், மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் முன் நம்மவர்கள் எடுத்து வைத்தது எந்தத் தாலுகாவில் எத்தனை பேர் தமிழ் பேசுகிறார்கள் என்ற கணக்கை. அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் கல்குளமும் விளவங்கோடும் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது இரத்தத்தாலும் அந்தக் கணக்காலும்தான். அந்த மண்ணில் பிறந்தவனைப் பார்த்தா சான்று கேட்காதே என்கிறீர்கள்?

இந்த மாவட்டத்தையே சான்றாகக் காட்டலாம். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் எல்லையைத் தென்குமரி என்கிறது; நூல் அரங்கேறியது அதங்கோட்டாசான் முன்பு என்கிறது. அந்த ஆசானை நம் அதங்கோட்டுக்காரர் என்று நாம் பெருமை பேசுகிறோம். அதே பாயிரம் அவரை நான்மறை முற்றியவர் என்றும் தொல்காப்பியரை ஐந்திரம் என்ற வடமொழி இலக்கணம் நிறைந்தவர் என்றும் சொல்கிறதே, அதை ஏன் விழுங்குகிறோம்? முன்சிறைக்கருகே பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் 95 சட்டர்களுக்கு, அதாவது வேதம் கற்கும் மாணவர்களுக்கு, சாலை என்ற கல்விக்கூடம் அமைத்தான். அதைச் சொல்லும் செப்பேட்டில் தமிழும் இருக்கிறது, வடமொழியும் இருக்கிறது. நம் முன்னோர் இரண்டையும் கற்றார்கள். இதனால் தமிழ் ஒரு மாற்றும் குறையவில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதுதான் என்னை உறங்கவிடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் திருப்பணி நடந்தது. சுவரின் அடிப்பீடமான அதிட்டானத்தில் ஓடிய, பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்து வரிகளை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டிக் குழிகளுக்குள் இறக்கி, மை ஒற்றி எடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். கறுப்புத் தாளில் வெள்ளையாகக் கொல்லம் ஆண்டும் நிலத்தின் அளவும் எழுந்து வந்தன. மீதி வரிகளுக்கு மறுவாரம் வருவதாகச் சொல்லிப் போனார். அதற்குள் மணல் வீச்சு இயந்திரம் வந்துவிட்டது. சுவர் பளபளத்தது, எழுத்து போனது. ஊரில் தமிழ்ப் பற்றாளர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு மனுவில் கையெழுத்துக் கேட்டு வீடு வீடாக ஏறியபோது, கோயில் காரியத்தில் தலையிடாதே என்றார்கள். அவர்களில் சிலரை ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் பார்த்தேன், எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் அடிவருடியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கப் பாலாலயம் என்று அறிவித்தால் மறுநாளே கைபேசியோடு போய், சாய்வெளிச்சம் விழும் காலை நேரத்தில், அதிட்டானத்திலும் தூண்களிலும் உள்ள எழுத்துகளை வரிசை மாறாமல் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். வட்டெழுத்துப் படிக்கத் தெரிந்தவர்களிடம் சேர்ப்பது என் பொறுப்பு.