டென்மார்க் நிறுத்தியது எதை?

"டென்மார்க் பன்றிகளுக்கு ஆன்டிபயாடிக்கைத் தடை செய்தது, குட்டிகள் செத்து மடிந்ததும் தடையை நீக்கிவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கால் பங்கு உண்மையை வைத்து முழுக் கதை கட்டியிருக்கிறார். நோயில்லாத பன்றிக்கும் எடை கூடட்டும் என்று தீவனத்தில் தினமும் கலந்துவந்த சிறு அளவு மருந்தைத்தான் அங்கே நிறுத்தினார்கள். வளர்ந்த பன்றிகளுக்கு 1998-இலும், பால் மறந்த குட்டிகளுக்கு 1999 முடிவதற்குள்ளும் அது நின்றது. நோய் வந்தால் கால்நடை மருத்துவர் எழுதித் தரும் மருந்தை இந்தத் தடை தொடவில்லை. நீக்கினார்களா? 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் அதே தடை வந்துவிட்டது!

குட்டிகளுக்குக் கழிச்சல் கூடியது உண்மை. சிகிச்சைக்கான மருந்தின் பயன்பாடும் சில ஆண்டுகள் ஏறியது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பல பண்ணைகள் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பதைச் சில நாட்கள் தள்ளிப்போட்டன, தீவனத்தை மாற்றின, ஒரு தொகுதி வெளியேறியதும் கொட்டகையைக் கழுவிக் காயவைத்த பிறகே அடுத்ததை ஏற்றின. 2010-இல், வரம்பு மீறி மருந்து பயன்படுத்தும் பண்ணைக்கு எச்சரிக்கையாக 'மஞ்சள் அட்டை' கொடுக்கும் முறையும் வந்தது. பன்றி உற்பத்தியோ, தடைக்குப் பிந்தைய பத்தாண்டில் ஏறவே செய்தது.