பெயரை எடுத்துவிட்டால் போதுமா?

"உங்கள் தகவல்களைப் பெயர் நீக்கித்தான் பகிர்கிறோம்." செயலிகளின் நிபந்தனைகளில் என்னை அதிகம் கோபப்படுத்துவது இந்த வரிதான். இது செல்லாது என்று நிரூபணமாகிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் தன் ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளை ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. பெயரெல்லாம் எடுத்தாயிற்று, யாருடைய அந்தரங்கமும் வெளியே வராது என்று ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதியளித்தார். அப்போது அங்குள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, ஆளுநர் குடியிருந்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கினார். அதில் ஆளுநரின் பிறந்த தேதி கொண்டவர்கள் ஆறே பேர். ஆண்கள் மூன்று பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒருவர்தான். மருத்துவப் பதிவுகளிலும் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் அப்படியே இருந்தன. ஆளுநரின் நோய்க்குறிப்புகள் கைக்கு வந்துவிட்டன. ஸ்வீனி எந்தக் கணினிக்குள்ளும் புகவில்லை, எந்தக் கடவுச்சொல்லையும் உடைக்கவில்லை. இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டார், அவ்வளவுதான்.

இந்த மூன்று விவரங்களே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டிவிடும் என்று 2000இல் அவரே கணக்கிட்டார்.

சரி, பிறந்த தேதியையும் எடுத்துவிடலாமே என்பார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, 15 லட்சம் பேரின் 15 மாதக் கைப்பேசி இருப்பிடத் தரவை எடுத்துப் பார்த்தது. எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற நான்கே குறிப்புகள் 95 சதவீதம் பேரைப் பிரித்துக் காட்டப் போதுமானவையாக இருந்தன. நாம் போய்வரும் தடமே நம் பெயரைச் சொல்லிவிடுகிறது.

"மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியையோ, பழைய நோயையோ மாற்ற முடியாது. வெளியே போன தரவு திரும்பி வராது. ஒப்பிட்டுப் பார்க்கப் புதுப்புதுப் பட்டியல்கள் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. கணினி அறிவியலாளர் சிந்தியா டுவொர்க்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 2006இல் ஒரு முறையை முன்வைத்தார்கள். தனிநபர் பதிவுகளை வெளியே விடாமல், கேட்கும் கணக்கின் விடையில் மட்டும் அளந்து கொஞ்சம் பிழையைக் கலந்து கொடுப்பது. யார் இருக்கிறார், யார் இல்லை என்று அதிலிருந்து உறுதியாக ஊகிக்க முடியாது. அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இது பயன்பட்டது. துல்லியம் கொஞ்சம் குறையும், உண்மைதான். அந்த இழப்பைத் தரவை வைத்துச் சம்பாதிப்பவர்கள் ஏற்கட்டும். பெயரை மட்டும் அழித்த பதிவையும் தனிநபர் தகவலாகவே சட்டம் நடத்த வேண்டும். அதை விற்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கேட்டாக வேண்டும்.