பெர்ம் மண்ணை, அதாவது ரோட்டின் இரு ஓரத்திலும் அணைக்கிற மண்ணை, ரோட்டைவிட உயரமாகக் கொட்டினால் தண்ணீர் எங்கேய்யா போகும்?

ரோடு போட்டு இரண்டு மாசம்கூட ஆகவில்லை. ராத்திரி ஒரே ஒரு மழை. விடிஞ்சு பார்த்தால் கிராமத்து ரோட்டின் ஓரம் ஒன்றரை அடி அகலத்துக்குப் பிஞ்சு கிடக்கிறது, ஜல்லி எல்லாம் பக்கத்து வயலில். கேட்டால் "மழை சார், நாங்க என்ன பண்றது?" என்கிறார்கள். மழைமேல் பழி போடாதீர்கள். இந்த ஊரில் மழை பெய்யும் என்பது எஸ்டிமேட் போட்ட அன்றைக்கே தெரியும்.

நடந்தது இதுதான். தார் போட்டு முடித்த மறுநாள் டிப்பர் வந்தது, இரண்டு பக்கமும் மண்ணைக் கொட்டியது. ஜேசிபி அதைத் தள்ளிவிட்டுப் போனது. சீவவில்லை, தண்ணீர் தெளிக்கவில்லை, ரோலர் ஏறவில்லை. தார் விளிம்பைவிட நாலு விரல் உயரமாக அந்த மண் அப்படியே நின்றுவிட்டது. வயலுக்கு வரப்பு கட்டுகிற மாதிரி ரோட்டுக்கு வரப்பு!

3.75 மீட்டர் அகல ரோட்டுக்கு 3 சதவீதம் கேம்பர் (நடுவிலிருந்து ஓரத்துக்கு இறங்கும் சரிவு) என்றால், நடுப்பகுதி ஓரத்தைவிட ஐந்தரை சென்டிமீட்டர் உயரம். தண்ணீரை வெளியே தள்ளத்தான் அந்த உயரம். பெர்ம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சரிவில் இறங்கினால்தான் வந்த தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும். இங்கே கேம்பர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது, வரப்பு மறித்துக்கொண்டது. தண்ணீர் விளிம்பிலேயே நின்று கீழே இறங்கியது. ஜல்லிக்குள், கிராவலுக்குள், அடிமண்ணுக்குள். பிஞ்ச இடத்தில் விரலை விட்டுத் தோண்டினால் கிராவல் களி மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது. மேலே இருக்கும் 20 மில்லிமீட்டர் தார் வெறும் மூடிதானே, அதற்கு ஏது தாங்கும் சக்தி? எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கிய மணல் லாரியின் ஒரு சக்கரம் விளிம்பில் ஏறியது, போச்சு. அதிலும் ஓவர்லோடு. அச்சுச் சுமை இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் இரண்டு மடங்கு இல்லை, கிட்டத்தட்ட 16 மடங்கு.

இன்னொரு அநியாயம். பெர்ம் மண் கடைசியில் கொட்டுகிற அலங்காரம் கிடையாது. ஜல்லி பரப்பும் முன்பே இரண்டு பக்கமும் மண்ணை ஏற்றிக் கட்ட வேண்டும். அந்த அணைப்பு இருந்தால்தான் ரோலர் ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வர முடியும், கல்லும் கல்லும் கவ்வும். அணைப்பே இல்லாத ஓரத்தில் ரோலர் ஏறினால் ஜல்லி வெளியே வழுக்கிக்கொண்டு ஓடும். அதனால் டிரைவர் ஓரத்தைத் தொடாமல் நடுவிலேயே ஓட்டிவிட்டுப் போவார். எந்த ஓரம் பிஞ்சதோ அந்த ஓரம் ஒருநாளும் இறுகவே இல்லை. அந்தப் பெர்ம் மண்ணை எங்கிருந்து எடுத்தார்கள்? ரோட்டின் காலடியிலிருந்தே! மூன்று அடி பள்ளம், இப்போது அதில் குளம். அடிமண்ணுக்கு இனி கோடையிலும் ஈரம்தான்.

ரோட்டு வேலை விவரப் பலகையில் ஐந்து வருடப் பராமரிப்பு என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்தப் பராமரிப்பு எப்படி நடக்கும் தெரியுமா? தண்ணீர் நிற்கிற குழியில் தார்க் கலவையைக் கொட்டி மண்வெட்டியின் பின்புறத்தால் நாலு தட்டு. குழியைச் சதுரமாக வெட்டி, பக்கங்களைச் செங்குத்தாக்கி, சேறு எடுத்து, காயவைத்து, எமல்ஷன் (ஒட்டுவதற்கான தார்க் குழம்பு) தடவி, அப்புறம் நிரப்பி இறுக்கணும். கூடவே அந்த வரப்பைச் சீவிவிடணும். ஒரு மண்வெட்டி, இரண்டு ஆள், அரை நாள்! அதைச் செய்ய ஆளில்லை.

ஆனால் வேகத்தடை போட மட்டும் எங்கிருந்துதான் ஆள் வருகிறார்களோ! 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரம் என்று விதி இருக்கிறது. இவர்கள் போட்டிருப்பது ஒரு அடி அகலத்தில் தென்னை மரத்தைப் படுக்கவைத்த மாதிரி. வெள்ளைக்கோடு இல்லை, பலகை இல்லை, விளக்கும் இல்லை. நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் ஆட்டோ ஓட்டுகிறவன் அதை எப்படிய்யா பார்ப்பான்?