மாமாவின் ரிப்போர்ட்டும் ஆமர் வீதிப் புகையும்

மாமா முப்பது வருசமாக ஓட்டோ ஓடுகிறார். கொழும்பு ஆமர் வீதிச் சந்திக்குப் பக்கத்தில்தான் ஸ்டாண்ட். இருமல் விடவில்லை என்று போன மாதம் "முழு உடம்புக்கும்" இரத்தம் குடுத்துச் சோதித்தார். எல்லாம் நோர்மல். "பாத்தியா, புகை என்னை ஒண்டும் செய்யேல்ல" என்று பேப்பரை நீட்டினார். சீனி, கொலஸ்ட்ரோல், வெள்ளணு என்று இரண்டு பக்கம். புகையைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டு இரத்தத்தின் ஹீமோகுளோபினில் போய் ஒட்டும். நல்ல காற்றுக்கு வந்தால் நாலைந்து மணித்தியாலத்தில் பாதி கழன்றுவிடும். விடிய வெறும் வயிற்றோடு ஊசி குத்தினால் நேற்றைய டிரபிக் எங்கே தெரியப்போகிறது? வாகனப் புகையிலுள்ள பியூட்டாடையீன் போன்ற இரசாயனங்கள் ஹீமோகுளோபினோடு விடாமல் பிணைகின்றன. ஆனால் ஹீமோகுளோபின் இருக்கும் சிவப்பணுவுக்கு ஆயுள் ஏறக்குறைய 120 நாள், ஆகவே நாலு மாதக் கணக்குத்தான் கிடைக்கும். அதைப் பார்ப்பதும் ஆராய்ச்சிக்கூட வேலை. பிஎம் 2.5 என்ற நுண்துகளுக்கோ இரத்தத்தில் தனி அடையாளமே இல்லை. உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் சிஆர்பி என்ற புரதம் கூடலாம். காய்ச்சல் வந்தாலும் அது கூடும்.

ஈயத்தின் கதை வேறு. அமெரிக்காவில் பெற்றோலில் ஈயத்தைக் குறைத்தபோது, 1976க்கும் 1980க்கும் இடையில் மக்களின் இரத்த ஈயம் சராசரியாக 37 வீதம் இறங்கியது. இலங்கையில் ஈயமில்லாப் பெற்றோல் 2002இல்தான் வந்தது. மாமா அதற்கு முன்னமே ஸ்டாண்டுக்கு வந்தவர். இரத்தத்தில் ஈயம் ஒரு மாதத்தில் பாதியாகும், எலும்பிலோ பல பத்து வருசம் கிடக்கும். இன்றைய ரிப்போர்ட்டை வைத்து அந்த நாட்களுக்குக் கணக்குச் சொல்ல ஏலாது.

அதனால்தான் கேட்கிறேன்: ஓட்டோக்காரர், புறக்கோட்டை நடைபாதை வியாபாரிகள், டிரபிக் பொலிஸ்காரர் எல்லாருக்கும் வருசத்துக்கு ஒருமுறை ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதவைத்து நுரையீரலின் வேலையை அளக்கும் சோதனை, இலவசமாகச் செய்ய வேண்டும். காற்றை அளக்கும் கருவியை அவர்கள் நிற்கும் இடத்தில், மூச்சு விடும் உயரத்தில் வைத்து, வருசக்கணக்காகப் பதிய வேண்டும். நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன ஆண்டுச் சராசரி அளவு ஒரு கன மீற்றர் காற்றுக்கு 5 மைக்ரோகிராம். நமது சட்டம் 25 வரை விடுகிறது. அதையும் குறைக்க வேண்டும்.

மாமாவை வாற கிழமை ஊதிப் பார்க்கும் சோதனைக்குக் கூட்டிப்போகிறேன். ஸ்கூல் ஹயர் இல்லாத நாளாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.