முதல் நாளே எக்ஸி போட்டுப் பாருங்கள்

பைதான் மொழி கற்றுக்கொண்டு, விண்டோவும் பட்டனும் போட அதனோடு வரும் டிகின்டரில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுத உட்காரும் தம்பி தங்கைகளுக்கு நான் ஓயாமல் சொல்வது ஒன்றுதான். வெறும் காலி விண்டோவையே முதல் நாளில் எக்ஸியாக்கி (டபுள் கிளிக் செய்தால் தானே ஓடும் .exe ஃபைல்), பைதான் இல்லாத இன்னொரு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பாருங்கள். பட்டனும் கலரும் அப்புறம்.

மாமாவின் எலக்ட்ரிகல் கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதியபோது நான் தலைகீழாகச் செய்தேன். மூன்று வாரம் என் லேப்டாப்பே உலகம். அதில் இரண்டு நாளை 'சேமி' பட்டன் தின்றது. விண்டோ திறந்ததுமே யாரும் தொடாமல் ஒரு காலி பில் சேவ் ஆகும். பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பட்டனிடம் சேவ் செய்யும் ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுத்துவைக்க வேண்டும். நானோ பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டு அங்கேயே கூப்பிட்டிருந்தேன். அழுத்தும்போது கூப்பிடுவது மெயின்லூப்பின் (விண்டோவில் நடப்பதைக் கவனித்துக்கொண்டே இருக்கும் டிகின்டரின் சுற்று) வேலை, நம் வேலை இல்லை.

சரி, எல்லாம் முடிந்து பைதான் புரோகிராமை எக்ஸியாக்கும் பைஇன்ஸ்டாலரில் ஒன்ஃபைல் (எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் அடைக்கும் வசதி) போட்டு, ஒரே எக்ஸியாக பென்டிரைவில் கொண்டுபோனேன். கடையில் விண்டோஸ் 7. ஏதோ டிஎல்எல் (புரோகிராம் ஓடத் தேவையான துணை ஃபைல்) காணோம் என்றது. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி பைதான் 3.8; நான் எக்ஸியைக் கட்டியது 3.10-இல். வீட்டுக்கு வந்து 3.8 போட்டு மறுபடி கட்டினேன். ஓடியது. மாமா டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை போன். "மாப்ள, நேத்து போட்ட பில் ஒண்ணும் காணோம். நம்பர் திரும்ப 1-ல இருந்து வருது."

ஒரே ஃபைல் என்பதெல்லாம் கண்ணுக்குத்தான். திறக்கும்போது அது தற்காலிகமான டெம்ப் ஃபோல்டருக்குள் தன்னைப் பிரித்துப் போட்டுக்கொள்ளும், மூடும்போது அதைத் துடைத்துவிடும். புரோகிராம் இருக்கும் இடத்திலேயே பில்களைச் சேமிக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஃபைலையும் வை என்று நான் எழுதியிருந்தேன். லேப்டாப்பில் அது என் ஃபோல்டர். எக்ஸியில் அது அந்த டெம்ப் ஃபோல்டர். கடையைச் சாத்தும்போது ஒரு நாள் வியாபாரமும் சேர்ந்து போனது.

இப்போது டேட்டாவை, புரோகிராம்களின் டேட்டாவுக்கென்றே விண்டோஸில் இருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரில் வைக்கிறேன். ஒன்ஃபைலையும் விட்டுவிட்டு ஃபோல்டராகவே கொடுத்து, டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் போட்டுவிடுகிறேன். சீக்கிரம் திறக்கிறது, ஆன்டிவைரஸ் முறைப்பதும் குறைவு. லினக்ஸில் எழுதுபவர்கள் கவனிக்க: அங்கே கட்டினால் விண்டோஸ் எக்ஸி வராது, விண்டோஸில்தான் கட்ட வேண்டும்.

இதையெல்லாம் பிரவுசரிலேயே செய்திருக்கலாமே என்பார்கள். நெட் போன மத்தியானத்தில் கல்லாவில் நின்று பாருங்கள்.

அந்த ஒரு நாள் கணக்கைக் காப்பாற்றியது கார்பன் வைத்த பழைய பில் புக். என்னை முழுதாக நம்பாமல் மாமா அதிலும் எழுதிவைத்திருந்தார். இன்னமும் அது கல்லா மேலேயே இருக்கிறது. உள்ளே எடுத்து வைக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.